மரச்செதுக்கு அச்சுக் கலைச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் முடிவுப்படி இவ்வாண்டுப் பயிற்சிகள் அனைத்தும் இயற்கைக் காட்சி என்ற ஒரே பொருளில் நடந்தன. செயற்குழு உரிய காலத்தில் கூடியது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

புதியவர்களில் பலர் பலகையில் செதுக்கிப் பழகியவர்கள். பலகையில் நார் நீளவாக்கில் ஓடுவதால் மெல்லிய குறுக்குக் கோடு பிய்ந்துவிடும். நம் வேலைக்கு மரத்தைக் குறுக்கே அறுத்து, வளையம் தெரியும் முகத்தை மெருகேற்றிக்கொள்கிறோம். அதில் உளி எத்திசையிலும் ஒரே சீராக ஓடும். இதற்குப் பாக்ஸ்வுட் மரத்துக்கு நிகரில்லை. பேரி மரம் சற்று மென்மையானது. அகலக் கோட்டுக்குப் போதும். ஈய எழுத்தோடு சேர்த்து அச்சிட, கட்டையின் உயரம் ஏறத்தாழ 23.3 மி.மீ. இருக்க வேண்டும்.

அதிக நேரம் எடுத்தது புல். ஒவ்வொரு புல்லையும் கறுப்புக் கோடாக விட்டுச் சுற்றிலும் குடைந்தால் கம்பிவேலி போலத்தான் வரும். கட்டை முகத்தை முதலில் மையால் கறுப்பாக்கி, ஒளி படும் இடத்தை மட்டும் வெட்டுங்கள்; வெட்டிய இடம் அச்சில் வெள்ளையாக விழும். உளிகளில், வளைகோட்டுக்கு ஸ்பிட்ஸ்டிக்கர், வானத்தின் இணைகோடுகளுக்கு டின்ட் டூல், வெள்ளையாக விட வேண்டிய பரப்பைக் குடைந்தெடுக்க ஸ்கார்ப்பர். வளைவில் உளியைத் திருப்பாதீர்கள். மணல் நிரப்பிய தோல் மெத்தையின்மேல் கட்டையைத் திருப்புங்கள். உளியின் பிடியைத் தூக்கினால் முனை மரத்தில் புதைந்து ஒடியும். அதிகம் தாழ்த்தினால் வழுக்கி, வெட்டக் கூடாத இடத்தைக் கீறும்.

வானத்தில் ஒரு கோடு விலகினாலும் வெள்ளைக் கீற்றாகக் கண்ணை உறுத்தும். அந்த இடத்தைத் துளைத்து, அதே மரத்தில் கூம்பாகச் சீவிய ஆப்பை இறுக்கி, மட்டமாக்கி மீண்டும் வெட்டுவதே வழி. பறவை இறகுக்கு ஒன்று சொல்லலாம்: இறகு வளரும் திசையிலேயே உளி போகட்டும்.

தொலைவு மலை பலருக்கும் முன்னிருக்கும் மரத்தளவு கறுப்பாகவே விழுந்தது. ஆங்கிலேய மரச்செதுக்குக் கலைஞர் தாமஸ் பியூவிக் (1753–1828) கையாண்ட முறையைப் பயிற்சியில் எடுத்துக்கொண்டோம். செதுக்கும் முன்பே, மலை வரும் பகுதியைத் தாள் கனமளவு சுரண்டித் தாழ்த்த வேண்டும். அங்கே அழுத்தம் குறையும். மை சாம்பல் நிறமாக இறங்கும். தாழ்வின் விளிம்பைச் சரிவாக இழைக்காவிட்டால் அதுவே ஒரு கோடாகப் பதியும். மை தடவும் உருளை கடினமாக இருக்கட்டும். மென்மையானது பள்ளத்திலும் மையை நிரப்பி, தாழ்த்திய பயனைக் கெடுத்துவிடும். இந்த ஒரு முறையைக் கற்றதற்காகவே இவ்வாண்டை நல்ல ஆண்டு என்பேன்.

அச்சில் கண்ட பெருங்குறை, மை அதிகமாவது. கெட்டியான எண்ணெய் மையை மிக மெல்லிதாகப் பரப்புங்கள். உருளையின் அடியில் பட்டுத்துணி உரசுவது போன்ற ஒலி கேட்டால் போதும். மெல்லிய ஜப்பானியத் தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்தால் முதல் நகல் கிடைக்கும்.

பொதுக் கட்டைகளில் சில, மரத்துண்டுகளை ஒட்டிச் சேர்த்த இடத்தில் பிளந்துள்ளன. நீரில் கழுவியதும் வெயில் விழும் சன்னலருகே படுக்க வைத்ததும் காரணம். இனி டர்பென்டைன் தொட்ட துணியால் மட்டுமே துடைக்க வேண்டும். இருமுகத்திலும் காற்றுப் படும்படி நிமிர்த்தி வைக்க வேண்டும். இதைச் சங்க விதியாக ஏற்கும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்