குடிக்கும் மனச்சோர்வுக்கும் ஒரே கிளினிக்கில் சிகிச்சை கோரும் மனு

பணிப்பாளர்,
உளநலப் பிரிவு,
சுகாதார அமைச்சு,
கொழும்பு 10.

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

கொட்டாஞ்சேனையில் வசிக்கும் நான் என் தம்பிக்காகவும், அவனைப் போல அலைக்கழிக்கப்படுவோருக்காகவும் இம்மனுவைச் சமர்ப்பிக்கிறேன்.

தம்பிக்குக் குடிப்பழக்கமும் உண்டு, மனச்சோர்வும் உண்டு. உளநலக் கிளினிக்குக்குக் கூட்டிச் சென்றால், "குடியை விட்டுவிட்டு வரட்டும்" என்கிறார்கள். குடிக்குச் சிகிச்சை தரும் இடத்திலோ, "முதலில் மனதைச் சரிசெய்து கொண்டு வாருங்கள்" என்கிறார்கள்.

ஒருமுறை, மருந்து வாங்க வரிசையில் நின்ற பெண்ணொருவரை அழைத்து மொழிபெயர்க்கச் சொன்னார்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று முன்பின் அறியாத அவர் கேட்டார். தம்பி தலையைக் குனிந்து "இல்லை" என்றான். கிளினிக் கொப்பியிலும் அப்படியே எழுதப்பட்டது. வீட்டில் அவன் சொல்வது வேறு. 1987 முதல் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. இந்தக் கேள்வியையாவது தமிழறிந்த உத்தியோகத்தர் கேட்டிருக்க வேண்டாமா?

நெடுங்காலம் கடுமையாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதன்பின் சித்தம் கலங்கி உயிராபத்தும் நேரலாம். டயசிபாம், தயமின் போன்ற மருந்துகளுடன் வைத்தியரின் கண்காணிப்பில் செய்ய வேண்டியதை எங்கள் வீட்டு அறையில் செய்யச் சொல்வது நியாயமில்லை. குடியால் வந்த சோர்வு, நிறுத்திய சில வாரங்களில் பலருக்குத் தணிந்துவிடும் என்பது உண்மைதான். தணியாதவர்களும் இருக்கிறார்கள். தற்கொலை எண்ணம் உள்ள ஒருவரை அதுவரை காக்க வைக்கவே முடியாது.

இரண்டுக்கும் சேர்த்து மருந்து கொடுப்பது புதிய யோசனையல்ல. 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், குடிக்கான நால்ட்ரெக்சோனையும் மனச்சோர்வுக்கான செர்ட்ரலினையும் சேர்த்துப் பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் 14 வாரச் சிகிச்சையில் மதுவைத் தவிர்த்தனர். ஒரு மருந்தை மட்டும் பெற்றவர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேராலேயே அது முடிந்தது.

ஆகவே, கொழும்பின் அரச வைத்தியசாலை ஒன்றிலாவது இரு நோய்களையும் ஒரே வைத்தியக் குழு பார்க்கும் வாராந்தக் கிளினிக்கை ஆரம்பிக்க வேண்டும். குடித்திருந்தார் என்ற காரணத்துக்காக எவரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று சுற்றறிக்கை வெளியிட வேண்டும். அக்கிளினிக்கிலும் 1926 என்ற உளநல அவசரத் தொலைபேசி இலக்கத்திலும் எந்நேரமும் தமிழில் பேசக்கூடியவர் இருக்க வேண்டும். சுற்றறிக்கையையாவது இம்மாதமே வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். கிளினிக் அமையும் வரை என் தம்பியால் காத்திருக்க முடியாது.

இங்ஙனம்,
நோயாளர் ஒருவரின் சகோதரி,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.