மகனுக்கு: கூடுதல் சம்பளம் குறித்து

தூத்துக்குடி,
ஏப்ரல் 2024

அன்பு மகனுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. இந்த மாதம் சம்பளம் கூடுதலாக வரும், தங்கையின் கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். அடுத்த துறைமுகம் எது என்று நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. உனக்குப் பதவி உயர்வு கிடைத்திருப்பதாக எண்ணி அம்மா அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லி வருகிறாள். நான் அதைத் திருத்தவில்லை.

மாலுமிகள் சங்க ஒப்பந்தப்படி, போர்ப் பகுதி என்று பட்டியலிட்ட கடலில் கப்பல் இருக்கும் நாட்களுக்கு அடிப்படைச் சம்பளம் இரட்டிப்பாகும் என்பதும், செங்கடலின் தென்பகுதி இப்போது அந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். அங்கே வர மறுக்கும் உரிமையும் அதே சங்க ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. மறுப்பவனைக் கம்பெனி தன் செலவில் ஊருக்கு அனுப்ப வேண்டும். கையெழுத்திடுமுன் ஒப்பந்தத்தை முழுவதும் படி. முன்பணத்தை என் சேமிப்பிலிருந்தே கொடுத்துவிட்டேன். அதற்காக நீ அவசரப்பட வேண்டாம்.

ஈரான்-ஈராக் போர் நடந்த 1987இல் ஈரானின் கார்க் தீவிலிருந்து லாரக் தீவுக்கு எண்ணெய் ஏற்றிச் சென்ற கப்பலில் நான் இருந்தேன். பகலில் வழக்கம்போலத் துரு சுரண்டினோம், வர்ணம் அடித்தோம். பண்டாரி நேரம் தவறாமல் சோறு வடித்தார். இரவில் வெளிச்சம் கசியாதபடி கண்ணாடிகளை அட்டையால் மூடினோம். ஈராக் விமானங்களின் ஏவுகணை பின்பக்கத்து என்ஜின் அறையைத்தான் தாக்கும் என்ற அச்சத்தில், குடியிருப்பு அறையை விட்டுப் பாயோடு முன்தளத்துக்குப் போய்ப் படுத்தவர்களும் உண்டு. அப்படிச் சம்பாதித்த பணத்தில்தான் நம் வீட்டைக் கட்டினேன். அதனால்தான் உன்னிடம் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சென்ற மாதம் 6ஆம் தேதி ஏடன் வளைகுடாவில் ட்ரூ கான்ஃபிடன்ஸ் என்ற கப்பல் தாக்கப்பட்டு மூன்று மாலுமிகள் இறந்தார்கள். எஞ்சியவர்களை நம் கடற்படையின் ஐ.என்.எஸ். கொல்கத்தா மீட்டது. அதுவும் உன் கப்பலைப் போலச் சரக்கு ஏற்றும் பல்க் கேரியர்தான். அந்தச் செய்தித்தாளை அம்மாவின் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிட்டேன்.

வேலை இல்லாத நேரத்தில் தளத்துக்கு வராதே. எதையாவது படம் பிடிக்கும் ஆசையில் வெளியே ஓடாதே. லைஃப் ஜாக்கெட்டும் காலணியும் படுக்கையருகிலேயே இருக்கட்டும். மறுபடியும் சொல்கிறேன், படித்துவிட்டுக் கையெழுத்திடு. நீ மறுத்தாலும் இந்த வீட்டில் யாரும் உன்னைக் கோழை என்று நினைக்க மாட்டார்கள். நான் நிச்சயமாக நினைக்க மாட்டேன். ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தால், செங்கடலின் தென்வாசலான பாப் எல் மந்தெப் நீரிணையைக் கடக்கும் தேதியை எனக்கு மட்டுமாவது எழுது. அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா