ஸ்ட்ராஸ்பூர்க்கில் படிக்கும் மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மா,

குளிர் குறைந்ததா? போன ஞாயிறு நீ ஃபோனில் சொன்னது மனசிலேயே நிற்கிறது. பிரெஞ்சுப் புவியியல் என்றால் மண், ஆறு, கிராமம், வட்டாரம்தான். அரசியல் என்பது, புவியியலே போருக்கும் அரசுக்கும் உதவுவதுதான் என்று 1976இல் புவியியல்காரர் இவ் லகோஸ்த் கிளப்பிய சண்டைக்குப் பிறகு வந்தது என்றாயே. நானும் முப்பது வருஷம் அப்படித்தான் பாடம் நடத்தினேன். ஓய்வில் உட்கார்ந்து படித்தால், அது பாதிக் கதை என்று தெரிகிறது.

பிரெஞ்சுப் புவியியலுக்கு அடித்தளம் போட்ட விதால் தெ லா பிளாஷையே எடுத்துக்கொள். எல்லாரும் பிடித்துக்கொள்வது 1903இல் அவர் பிரான்ஸின் வட்டாரங்களை ஓவியம்போல் தீட்டிய நூலை. ஆனால் 1872இல் அவர் வேலைக்குப் போன ஊர் நான்சி. அதற்கு முந்தைய வருஷம்தான் நீ இப்போது இருக்கும் அல்சாஸ் ஜெர்மனி கைக்குப் போயிருந்தது. புது எல்லை நான்சிக்குப் பக்கத்திலேயே. எல்லையை அப்படிப் பார்த்தவருக்கு அரசியல் தெரியாதா? 1898இல் ஜெர்மன் புவியியல்காரர் ராட்சலின் அரசியல் புவியியலைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார்.

அவர் உயிரோடு இருந்தபோது, 1917இல் வந்த கடைசி நூல் 'கிழக்கு பிரான்ஸ்', முழுக்க உங்கள் ஊர்ப் பக்கத்தைப் பற்றியது. அதற்கு இரண்டு வருஷம் முன்புதான் அவர் மகன் போரில் இறந்திருந்தான். அந்த வரியைப் படித்ததும் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டேன். நூலில் மண்ணும் மலையும் மட்டும் இல்லை. பிரெஞ்சுப் புரட்சி மக்களை எப்படிப் பிணைத்தது, ஆலைகளும் நகரங்களும் என்ன செய்தன என்றெல்லாம் போகிறது.

அப்புறம் அவர் மகளைக் கட்டிய மருமகன் தெ மார்த்தோன். இயற்கைப் புவியியல்காரர் என்றே நமக்குத் தெரியும். 1919இல் பாரிஸ் சமாதான மாநாட்டில் ருமேனியாவின் எல்லைகளை வகுக்க உதவியவர் அவர்தான்!

பிறகு ஏன் மறந்தார்கள்? 1922இல் வரலாற்றாசிரியர் லூசியன் ஃபெவ்ர், புவியியல்காரருக்கு மண் போதும், அரசு வேண்டாம் என்று கோடு போட்டார். புவியியல்காரர்களும் அதில் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டார்கள் என்பது என் கணக்கு. ஜெர்மனியில் 'புவிசார் அரசியல்' நாஜிகளோடு சேர்ந்து பெயரைக் கெடுத்துக்கொண்டதும் ஒரு சாக்காகிவிட்டது.

விதால் 1918 ஏப்ரலில் இறந்தார். அல்சாஸை மீட்டுக்கொண்டு பிரெஞ்சுப் படை ஸ்ட்ராஸ்பூர்க்குக்குள் வந்தது அதே வருஷம் நவம்பரில்.

உங்கள் நூலகத்தில் அந்த 1917 நூல் கட்டாயம் இருக்கும். அல்சாஸ் பற்றிய பக்கங்கள் சிலவற்றை ஃபோட்டோ எடுத்து அனுப்பு. அகராதி மேஜைமேல்தான் இருக்கிறது. அம்மா பருப்புப்பொடி பார்சல் போட்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா