சோற்றை நிறுத்தினால் மாத்திரை?

ஆசிரியருக்கு,

நீரிழிவுக்கு மாவுச்சத்தைக் குறைக்கலாமா என்று நடக்கும் விவாதத்தில் இரு தரப்புமே முக்கியமான ஒன்றை விட்டுவிடுகின்றன. குறைத்தால் ரத்தச் சர்க்கரை இறங்கும் என்பதில் சந்தேகமில்லை. அமெரிக்க நீரிழிவுச் சங்கமே 2019-இல் அதை ஒப்புக்கொண்டது. ஆனால் சோற்றை நிறுத்தியவர் பழைய அளவிலேயே மாத்திரையோ இன்சுலினோ எடுத்தால் என்ன ஆகும்?

எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் யூடியூப் பார்த்துவிட்டு இட்லி, சோறு இரண்டையும் ஒரே நாளில் விட்டார். சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டார். முற்பகலில் சர்க்கரை மிகவும் இறங்கி, சட்டை நனைய வியர்த்து, கை நடுங்கி, வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டு அம்மா சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததால் பிழைத்தார். சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளோடு கீட்டோ உணவு (மாவுச்சத்தை மிகமிகக் குறைத்த உணவுமுறை) சேர்ந்தால் வேறு ஆபத்து: ரத்தத்தில் அமிலம் ஏறும். அப்போது சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே இருக்கலாம் என்பதால் கண்டுபிடிப்பதும் கடினம்.

சோற்றுக்குப் பதில் நாலு சப்பாத்தி சாப்பிடுவதும் குறைப்பதாகாது, அதுவும் மாவுச்சத்துதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) இன்டியாப் (INDIAB) என்ற நீரிழிவு ஆய்வின்படி இந்தியர்களின் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. அதில் ஒரு பங்கைப் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் என்று மாற்றினாலே நல்ல பலன் உண்டு. அடியோடு விட வேண்டியதில்லை.

உணவுமுறை பற்றிக் கட்டுரை வெளியிடும்போதெல்லாம், மாத்திரை அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றிய பிறகே தொடங்க வேண்டும் என்று முதல் பத்தியிலேயே அச்சிடுங்கள்.

– வாசகர், கும்பகோணம்