வெளிச்சம் அடிக்குமுன் தோலின் நிறத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில், ஒளிச் சிகிச்சையால் முகத்தை இளமையாக்குவதாக ஒரு பார்லர் விளம்பரம் வந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

சிகிச்சையே ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. வயதோடு வரும் கரும்புள்ளி, மூக்கோரத்துச் சிவப்பு நரம்பு எல்லாம் ஐ.பி.எல். (Intense Pulsed Light) என்ற இந்த ஒளிச் சிகிச்சையை அடித்தால் நன்றாகவே மங்கும். பலரும் அதை லேசர் என்கிறார்கள், ஆனால் லேசருக்கு ஒரே அலைநீளம், இது பல அலைநீளம் கலந்த பளிச்சென்ற வெளிச்சம். புள்ளியில் இருக்கிற மெலனின், அதாவது தோலுக்கு நிறம் தரும் பொருள், அந்த வெளிச்சத்தை உறிஞ்சிச் சூடாகி உடையும், சுற்றியுள்ள தோல் தப்பிவிடும். 1983இல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் விளக்கிய தத்துவம் இதுதான். உள்ளே இறங்கும் சூடு, தோலை உறுதியாக வைக்கும் புரதமான கொலாஜனையும் கொஞ்சம் தூண்டுவதால் மெல்லிய சுருக்கங்கள் ஓரளவு குறையும். தொங்கிய தோல் அப்படியேதான் இருக்கும். அதுவும் ஒரே தடவையில் நடக்காது, மூன்று நாலு வார இடைவெளியில் பல தடவை போக வேண்டும்.

சரி, சுற்றியுள்ள தோல் எப்போது தப்பும்? அது வெளுப்பாக இருந்தால்தான். நம் தோல் முழுக்க மெலனின், மெஷினுக்குப் புள்ளி எது கன்னம் எது என்று தெரியாது.

என் பெரியம்மா முப்பது வருஷத்துக்கு மேல் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். தலைத்துண்டைக் கழற்றினால் நெற்றியில் கோடு கிழித்தது போல மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். குளிர்தானே, மேகம்தானே என்று நாம் இருந்துவிடுகிறோம். ஆயிரம் மீற்றர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும், நம் மலைநாட்டு நுவரெலியா இருப்பதோ 1,868 மீற்றரில், மேகமும் அதை முழுசாகத் தடுக்காது. மகள் கல்யாணத்துக்கு முன் கன்னத்தில் மங்கு என்று சொல்லும் கருந்திட்டைப் போக்க வேண்டுமென்று பெரியம்மா ஒரு பார்லருக்குப் போனார். மங்குக்கு இந்த வெளிச்சம் சிலசமயம் வினையாகவே முடியும். வெயிலில் வேலையா என்று அங்கே யாரும் கேட்கவில்லை, காதோரம் சின்ன இடத்தில் அடித்துப் பார்க்கவுமில்லை. வலது கன்னத்தில் நாலு தடவை அடித்ததும் அவர் கத்திவிட்டார். ஒரு வாரத்தில் நாலு கறுப்பு நீள்சதுரம், மெஷின் முனையின் அளவிலேயே, தீப்பெட்டியை ஒற்றி எடுத்த மாதிரி.

அப்புறம்தான் கண்டி தேசிய வைத்தியசாலையின் தோல் கிளினிக்குக் கூட்டிப்போனோம். நம் நிறத்துக்கு லேசர் தேவைப்பட்டாலும் 1,064 நானோமீற்றர் அலைநீளமுள்ள என்.டி. யாக் என்ற லேசர் வகை போன்றதுதான் பாதுகாப்புக் கூடியது, மேல்தோல் மெலனின் அதைக் குறைவாகவே உறிஞ்சும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு நான் தேடிப் படித்தது. பார்லரில் அப்படி ஒரு பேச்சே இல்லை.

விளம்பரம் போடுவது உங்கள் பிழைப்பு, அதில் குறை சொல்லவில்லை. அதே பக்கத்தில் ஒரு தோல் வைத்தியரையும் எழுதச் சொல்லுங்கள். கல்யாண ஆல்பத்தில் பெரியம்மா எல்லாப் படத்திலும் இடது கன்னத்தைக் காட்டிக்கொண்டுதான் நிற்கிறார்.

ஒரு வாசகி,
ஹட்டன்