வகுப்பறைத் திட்டங்களுக்கான சிறுநிதி: பணி நிறைவு அறிக்கையும் கணக்கும்

முன்னாள் மாணவர் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் கேட்டிருந்த ஐந்து திட்டங்களும் முடிந்துவிட்டன. வரவு ₹40,000. செலவு ₹33,850. வங்கியில் இருப்பு ₹6,150.

“சுற்றுச்சுவர் கட்டியிருக்கலாமே, பொம்மைக்கும் பெயின்டுக்குமா காசு?” என்று வாட்ஸப்பில் கேட்டவர்களுக்கு முதலில் பதில். நாற்பதாயிரத்தில் சுவர் அஸ்திவாரத்தைத் தாண்டாது. 101 முதல் 250 பிள்ளைகள் வரை படிக்கும் பள்ளிக்கு சமக்ர சிக்ஷா என்ற அரசின் பள்ளிக் கல்வித் திட்ட மானியமே ஆண்டுக்கு ₹50,000 வரைதான். அதில் பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கு; மீதி சாக்பீஸ், ரிப்பேர் என்று கரைந்துவிடும். புதிதாக ஒன்றைச் செய்து பார்க்க நினைக்கும் ஆசிரியர் கைக்காசைத்தான் போட வேண்டும். அதனால்தான் ஒரு பக்க விண்ணப்பம், திட்டத்துக்கு ₹10,000 உச்சவரம்பு, பள்ளி மேலாண்மைக் குழுவின் ஒப்புதல் என்று வைத்தோம். அந்தக் குழுவில் சட்டப்படியே முக்கால்வாசிப் பேர் பெற்றோர். ‘நாலு பேர் கூடிப் பேசி முடித்துவிட்டார்கள்’ என்ற பேச்சை இத்தோடு விடலாம்.

பொம்மலாட்டம் ₹6,200, மழைமானியும் வானிலைப் பலகையும் ₹3,150, நாட்டு விதைச் சேகரிப்பு ₹4,400, கையெழுத்து இதழ் ₹5,500. எல்லாம் சொன்ன தொகைக்குள்.

இனி ஐந்தாவது திட்டம், வராந்தா தரையில் வரையும் தமிழ்நாட்டு மாவட்ட வரைபடம். 12க்கு 15 அடி, சதுர அடி ₹55 என்று ₹9,900க்குப் பேசினோம். பழைய ரெட் ஆக்சைடு தரை. நகத்தால் சுரண்டினாலே பெயின்ட் உரிந்து வந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து பிரைமர் அடிக்க ₹3,000. அதை ஓவியர் முதல் நாளே தலைமையாசிரியர் முன்னிலையில் சொல்லிவிட்டார், அதில் தகராறு இல்லை.

தகராறு பிறகுதான். 38 மாவட்டமும் உள்ள படத்தைக் கையில் கொடுத்திருந்தும், அவர் செல்போனில் கிடைத்த பழைய படத்தைப் பார்த்துக் கோடு போட்டுவிட்டார். கண்டுபிடித்தது ஐந்தாம் வகுப்புப் பையன். “சார், எங்க ஆச்சி ஊரு தென்காசியக் காணோம்!” எண்ணிப் பார்த்தால் 32. 2019இல் பிரிந்த ஐந்தும் இல்லை, 2020இல் வந்த மயிலாடுதுறையும் இல்லை. திருத்தச் சொன்னதற்கு, “மாவட்டம் கூடினா கோடு கூடும், கோடு கூடினா கூலி கூடும்” என்று மேலும் ₹3,000 கேட்டார். “வேலூரை அரசாங்கம் மூணாப் பிரிச்சதுக்கு நாமளா கூலி கொடுக்கிறது?” என்றார் பொருளாளர். ஓவியர் தூரிகையைக் கழுவிவிட்டுப் போய்விட்டார்.

வேறு ஆள் பார்க்கவில்லையா என்கிறீர்கள். பார்த்தோம். வந்தவர்கள் எல்லாரும் முழுவதையும் சுரண்டிவிட்டு முதலிலிருந்து போடத்தான் விலை சொன்னார்கள். காலாண்டு விடுமுறையும் முடியப் போகிறது. கடைசியில் அதே ஓவியரிடம் திருத்தத்துக்கு ₹1,700 என்று பேசி முடித்தோம். ஆக ₹14,600. வரம்பை மீறிய ₹4,600 மற்ற திட்டங்களில் மிஞ்சியதிலிருந்து எடுக்கப்பட்டது. தீர்மானம் நோட்டில் இருக்கிறது. குறை சொல்பவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். மதுரையில் நிற்கும் பிள்ளை விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி என்று பெயர் சொல்லிக் குதித்துக் கன்னியாகுமரியில் போய் நிற்கிறது.

நன்கொடை: 1989 எட்டாம் வகுப்பினர் ₹12,000, 1996 எட்டாம் வகுப்பினர் ₹10,000, துபாயில் இருக்கும் அண்ணன் தம்பி ₹8,000, அரிசி மண்டிக் குடும்பத்தார் ₹5,000, ஓய்வுபெற்ற தமிழாசிரியை ₹3,000, பெயர் வேண்டாம் என்றவர் ₹2,000. விட்டுப்போன பெயர் இல்லை, இருமுறை சரிபார்த்தாயிற்று.

பில்கள் பொருளாளர் வீட்டில் இருக்கின்றன. ஞாயிறு காலை வந்து யாரும் பார்க்கலாம். வாட்ஸப்பில் கேட்டால் பதில் வராது.

இப்படிக்கு,
செயலாளர்