மாமாவின் லொறியில் ஓட்டிய நான்கு வருடம் யார் கணக்கில்?

இலங்கை காப்புறுதி ஒழுங்குமுறைப்படுத்தல் ஆணைக்குழுவுக்கும், வாகனக் காப்புறுதி விற்கும் கொம்பனிகளுக்கும்,

வணக்கம். எனக்கு 23 வயது. தலவாக்கலையில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில்தான். போன வருடம் லீசிங்கில் ஒரு பழைய ஆல்டோ எடுத்தேன். அம்மாவை மாதம் ஒருமுறை நுவரெலியா ஆஸ்பத்திரி கிளினிக்குக் கூட்டிப்போக வேண்டும். தோட்டத்தில் ராத்திரி யாருக்காவது வலி வந்தால் லொறி தேடி அலைந்த காலமெல்லாம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மற்றவருக்கு வரும் பாதிப்பை மட்டும் ஏற்கும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் போடலாம் என்றுதான் நினைத்தேன். சட்டம் கேட்பது அவ்வளவுதானே. அந்த அட்டையையும் புகைப் பரிசோதனைத் துண்டையும் கொண்டுபோனால் பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம் தந்துவிடுவார்கள். ஆனால் லீசிங் முடியும்வரை, என் காரின் சேதத்தையும் ஏற்கும் ஃபுல் இன்சூரன்ஸ் கட்டாயம் என்றது லீசிங் கொம்பனி. சரி, அது அவர்கள் காசு, கேட்பது நியாயம். விலை கேட்டேன். வருடத்துக்கு 81,000 ரூபா. அப்போது அம்மாவின் நாட்சம்பளம் 1350 ரூபா. தோட்டத்துக் கணக்கில் சொன்னால் 60 பேர்; ஒரு நாள் வேலையை நாங்கள் ஒரு பேர் என்போம். அரைப் பேர் விழாமல், மழைக்கு நிற்காமல், இரண்டு மாதத்துக்கு மேல் கொழுந்து பறிக்க வேண்டும்.

தொகை ஏன் இவ்வளவு என்பது ஓரளவு புரிகிறது. 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கார்களின் விலை எங்கேயோ போய்விட்டது. காரின் பெறுமதி ஏறினால் பிரீமியமும் ஏறும். பெறுமதியைக் குறைத்துப் போட்டு மிச்சம் பிடிக்கலாமென்றால், நாளைக்கு நட்டஈடும் அதே விகிதத்தில் குறையும் ஆபத்து இருக்கிறது. எனக்குப் புரியாதது வேறொன்று.

விண்ணப்பப் படிவத்தில், எத்தனை வருடம் கிளெய்ம் இல்லாமல், அதாவது நட்டஈடு கேட்காமல், ஓட்டியிருக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி. நான் பதினெட்டு முடிந்ததும் லைசன்ஸ் எடுத்தவன். கடை போடும்வரை நான்கு வருடம் மாமாவின் பட்டா லொறியை, சின்ன லொறிதான், ஓட்டினேன். நுவரெலியாவிலிருந்து லீக்ஸ், கரட், கோவா ஏற்றிக்கொண்டு விடியற்காலை மூன்று மணிக்கு ரம்பொடை இறக்கத்தில் இறங்கி, புசல்லாவை, கம்பளை தாண்டிக் கண்டிச் சந்தைக்கு. பனிமூட்டத்தில் முன்னால் பத்தடி தெரியாது. ஜன்னலை இறக்கிவிட்டு, எதிரே வரும் பஸ்ஸின் ஹோர்னைக் காதால் கேட்டுத்தான் வளைவு திரும்ப வேண்டும். இரண்டாம் கியரைவிட்டு மாற்றக் கூடாது, பிரேக்கை நம்பக் கூடாது என்று மாமா படித்துப் படித்துச் சொல்வார். நான்கு வருடத்தில் ஒரு கீறல் இல்லை.

அந்த நான்கு வருடத்துக்கும் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் இல்லாததற்குப் பிரீமியத்தில் தரும் கழிவு, ஏறியது. மாமாவின் பேரில். ஏனென்றால் பொலிஸி அவருடையது. எனக்குப் பூச்சியம்.

இதைச் சொன்னதும் முகவர் அண்ணன் சிரித்தார். “தம்பி, காரை மாமா பேர்ல எழுதிருவோமா? போனஸையும் இதுக்கு மாத்திக்கலாம், பாதி குறையும்.” நல்ல மனுஷன், எனக்கு உதவத்தான் சொன்னார். ஆனால் அந்தக் காரை மாமா தொடப்போவதில்லை. பெரிதாக ஏதாவது நடந்தால், உண்மையான சாரதியை மறைத்தீர்கள் என்று கிளெய்மை மறுக்கலாம். உண்மையைச் சொல்பவன் கூடக் கட்டுகிறான், பொய் சொன்னால் குறைகிறது. அதை விற்பவர்களே வழி காட்டும் அளவுக்கு வைத்திருக்கிறீர்கள்.

அப்புறம் எக்ஸஸ், அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் முதலில் நாமே ஏற்க வேண்டிய தொகை. கொட்டகலை வளைவில் பஸ்ஸுக்கு இடம்விட்டுப் பின்னால் எடுத்தபோது மண்மேட்டில் பம்பர் உடைந்தது. போன் செய்தேன், இரண்டு மணி நேரத்தில் ஹட்டனிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஓர் அதிகாரி நனைந்துகொண்டு வந்தார். நான்கு பக்கமும் படம் எடுத்தார், லைசன்ஸைத் திருப்பிப் பிறந்த திகதியைப் பார்த்தார். கராஜில் 31,000 ரூபா சொன்னார்கள். 25 வயதுக்குக் கீழே என்பதால் முதல் 25,000 ரூபா என் தலையில். மிச்சம் 6,000 ரூபாவை வாங்கினால் அந்த வருடப் போனஸும் போகும். கிளெய்மை விட்டுவிட்டேன். 25,000 ரூபா விஷயம் பொலிஸியின் உள்ளே ஆங்கிலத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் இருந்தது. கையெழுத்துப் போடும் நாளில் யாரும் வாய்திறந்து சொல்லவில்லை.

இளம் சாரதிகள் அதிகம் மோதுகிறார்கள் என்பீர்கள். மறுக்கவில்லை. எங்கள் தோட்டத்திலும் ஹெல்மெட் இல்லாமல் பறக்கிறவர்கள் இருக்கிறார்கள். மலைப்பாதையும் லேசுப்பட்டதில்லை, 2025 நவம்பரில் டித்வா புயலில் ரோடே மண்ணோடு போனதைப் பார்த்தோம். முதல் வருடம் கூடுதலாக வாங்குங்கள். ஆனால் 25 வயதுவரை எல்லோருக்கும் ஒரே எக்ஸஸ் என்றால், கவனமாக ஓட்டுகிறவனுக்கு என்ன மரியாதை? விபத்தில்லாத ஒவ்வொரு வருடத்துக்கும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாமே. மாமாவின் பொலிஸியில் என்னையும் சாரதியாக எழுதி, என் ஓட்டத்துக்கு என் பேரில் ஒரு கடிதம் தந்திருந்தால், அதை அடுத்த கொம்பனியும் ஏற்றுக்கொண்டால், இவ்வளவு பேச்சே வராது. ஆணைக்குழு ஒரு பொது விதி போட்டால் மட்டுமே இது நடக்கும். ஒரு கொம்பனி தனியாகச் செய்யாது.

எக்ஸஸ் எவ்வளவு, யாருக்கு, எப்போது என்பதை முதல் பக்கத்திலேயே தமிழிலும் பெரிய எழுத்தில் போடச் சொல்லுங்கள். அம்மாவுக்கும் நான் வாசித்துக் காட்ட வேண்டும், 60 பேர் காசு அது.

அடுத்த மாதம் 14 ஆம் திகதி என் பொலிஸி முடிகிறது. மூன்று கொம்பனிகளின் படிவங்கள் கடை மேசையில் கிடக்கின்றன. மாமாவின் லொறியை ஓட்டிய நான்கு வருடத்தை எழுத மூன்றிலும் இடமில்லை. எந்தக் கட்டத்தில் எழுதட்டும்?

இப்படிக்கு,
தலவாக்கலையிலிருந்து ஒரு சாரதி